அரிசியா, காசா? – புதுச்சேரி கிராமங்கள் சொல்லித் தரும் பொருளாதாரம்

இருபது கிலோ அரிசி பெரிதா, அறுநூறு ரூபாய் பெரிதா?

கிலோ முப்பது ரூபாய் என்றால் இரண்டும் ஒன்றுதான் என்று கணக்கு வாத்தியார் சொல்லிவிடுவார். ஆனால் இந்தக் கேள்விக்காகத்தான் புதுச்சேரியில் ஒரு முதலமைச்சர் நடுத்தெருவில் உட்கார்ந்து தர்ணா செய்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. இரண்டும் ஒன்றுதான் என்றால் இவ்வளவு சண்டை ஏன்? இதற்கான பதில் வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களின் சமையலறைகளில் இருக்கிறது. அந்தப் பதிலைப் படிக்க உதவும் துறைக்குப் பெயர் நடத்தைப் பொருளாதாரம்.

ஊரும் அட்டையும்

புதுச்சேரி என்றதும் கடற்கரையும் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வரும். அது நகரம் மட்டுமே. அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள்தான் புதுச்சேரிப் பகுதியின் கிராமப்புறம். கொம்யூன் என்ற பெயரே பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்றது. பாகூர் ஏரியைச் சுற்றி நெல் வயல்கள், கரும்பும் உண்டு. வில்லியனூர்ப் பக்கம் ஊசுடு ஏரி. ஊர் எல்லைகள் தமிழ்நாட்டோடு பின்னிக் கிடக்கும். இங்கே ஒரு கிராமம் புதுச்சேரி, பக்கத்துக் கிராமம் தமிழ்நாடு. இந்த விஷயம் பின்னால் முக்கியமாகிறது.

இங்கே குடும்பத்தின் நிலையைச் சொல்வது ரேஷன் கார்டின் நிறம். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் சிவப்பு அட்டை, மேலே என்றால் மஞ்சள் அட்டை. மத்திய அரசின் பொது விநியோகத்தோடு, புதுச்சேரி அரசு தன் செலவில் இலவச அரிசியும் கொடுத்து வந்தது.

பாடப்புத்தகம் சொன்னது

2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ தானியம் என்று உரிமை வகுத்தது. 18 வயதுக்கு மேற்பட்ட மூத்த பெண்ணே ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

2015 ஆகஸ்டில், தானியத்துக்குப் பதில் பணமாகக் கொடுக்கலாம் என்று மத்திய அரசு விதிகள் வகுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரியும் சண்டிகரும் அதற்கு மாறின. தாத்ரா நகர் ஹவேலி 2016-ல் சேர்ந்தது. மூன்றுமே யூனியன் பிரதேசங்கள் என்பது கவனிக்க வேண்டியது.

பணம்தான் சிறந்தது என்பதற்குப் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் பலமான காரணம் உண்டு. அரிசி கொடுத்தால் அரிசி மட்டும்தான் வாங்கியதாக ஆகும். பணம் கொடுத்தால் அரிசி வேண்டுபவர் அரிசி வாங்குவார், பருப்பு வேண்டுபவர் பருப்பு வாங்குவார். எனவே ஒரே மதிப்புள்ள பணம் ஒருபோதும் பொருளைவிடக் குறைவான திருப்தி தராது. மேலும் கிடங்கு, லாரி, கடை, எடைக்கல் எல்லாவற்றிலும் நடக்கும் கசிவு மிச்சம். ரேஷன் கடையில் எடை குறைவதும், அரிசியில் கல்லும் வண்டும் இருப்பதும், "ஸ்டாக் வரல" என்று திருப்பி அனுப்புவதும் கற்பனைக் குற்றச்சாட்டுகள் அல்ல. வரிசையில் நின்ற எல்லாருக்கும் அது தெரியும்.

ஆக, பணத்துக்கு மாறியவர்கள் தவறான எண்ணத்தோடு மாறவில்லை. ஆனால் அவர்கள் கணக்கில் ஒரு மனிதன் இருந்தான். எல்லா விலையும் தெரிந்தவன், எல்லா நேரமும் கணக்குப் போடுபவன், வங்கிக்குப் போகக் கூலியை இழக்காதவன். அப்படி ஒருவன் பாகூரில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை. மனிதனின் அறிவும் நேரமும் அளவுக்குட்பட்டவை என்று ஹெர்பர்ட் சைமன் 1950-களிலேயே எழுதினார். இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் காட்டினார்கள். ரிச்சர்ட் தேலர் இந்தத் துறைக்காகவே 2017-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஆய்வு கண்டது

இந்த மூன்று யூனியன் பிரதேசங்களிலும் என்ன நடக்கிறது என்று நிதி ஆயோக்குக்காக ஜே-பால் தெற்காசியா அமைப்பு வீடு வீடாகப் போய்ப் பல சுற்றுகள் கேட்டறிந்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் அதை நடத்தினார்கள். மூன்று பிரதேசங்களையும் சேர்த்துப் பார்த்ததில் இரண்டு முடிவுகள் கண்ணில் படுகின்றன.

முதலாவது, அரசுப் பதிவேட்டின்படி பணப் பரிமாற்றங்களில் 99 சதவீதம் வெற்றி. ஆனால் பயனாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் "எனக்குப் பணம் வரவில்லை" என்றார். சிலருக்குப் பணம் பயன்பாட்டில் இல்லாத பழைய கணக்குக்குப் போயிருந்தது. சிலருக்கு வந்ததே தெரியாது. சிலருக்கு உண்மையிலேயே பிழை. அரசின் பேரேட்டில் வரவு வைத்தாகிவிட்டது. வீட்டின் பேரேட்டில் வரவே இல்லை. வணிகவியல் படிப்பவர்களுக்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்றால் என்னவென்று தெரியும். இரண்டு புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்துக் கணக்கை முடித்துவிடக் கூடாது.

இரண்டாவது இன்னும் சுவையானது. தொடக்கத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் ரேஷனே வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில் நிலைமை தலைகீழானது. மூன்றில் இரண்டு பங்கினர் பணமே மேல் என்றார்கள். நல்ல அரிசி வாங்க முடிகிறது என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். மீதி மூன்றில் ஒரு பங்கினர் கடைசி வரை அரிசிதான் கேட்டார்கள். வங்கிக்கும் கடைக்கும் அலைவதும், வரும் பணம் போதாததும் அவர்களுக்குப் பெரிய குறை.

இதை வைத்து "பார்த்தீர்களா, மக்களுக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது" என்று ஒரு கட்சி சொல்லலாம். "பார்த்தீர்களா, கடைசி வரை ஏழைகள் அரிசி கேட்டார்கள்" என்று இன்னொரு கட்சி சொல்லலாம். இரண்டும் பாதி உண்மை. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது என்பதுதான் அந்த எண்கள் சொல்லும் முழு உண்மை.

மனப் பேரேடு

அரிசியும் அதே மதிப்புள்ள பணமும் வீட்டுக்குள் ஏன் வேறு வேறாக நடந்துகொள்கின்றன?

மனிதர்கள் தங்கள் பணத்தை ஒரே பெட்டியில் போடுவதில்லை என்பது தேலரின் விளக்கம். இது பள்ளிக் கட்டணத்துக்கு, இது சீட்டுக்கு, இது தீபாவளிக்கு என்று மனதுக்குள் தனித்தனிக் கணக்கு வைத்திருப்பார்கள். மனப் பேரேடு என்று சொல்லலாம். தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்த நோட்டு மளிகைச் செலவுக்கு வெளியே வராது.

தனியாக ஒதுக்கி வைக்கும் இந்தப் பழக்கம் நம் ஊரில் மிகப் பழையது. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைத் தானம் கொடுத்த கல்வெட்டுகள் ஏராளம். அந்த ஆடுகளின் நெய் விளக்குக்குத்தான், வேறு எதற்கும் அல்ல. பாகூரிலேயே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, அங்கிருந்த கல்விச்சாலைக்காக ஊர்களின் வருமானத்தை ஒதுக்கிக் கொடுத்ததைச் சொல்கிறது. தானம் கொடுத்தவர்கள் மொத்தமாகப் பொன்னைக் கொடுத்து "பார்த்துச் செலவு செய்யுங்கள்" என்று விட்டுவிடவில்லை. பொதுவில் வந்த பணம் பொதுவில் கரைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு நவீன ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஏழைகளுக்கு உணவு வாங்க மட்டும் பயன்படும் உதவி அட்டை கொடுக்கிறார்கள். ஜஸ்டின் ஹேஸ்டிங்ஸ், ஜெஸ்ஸி ஷபீரோ இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த அட்டையில் கூடுதலாக வரும் ஒவ்வொரு டாலரிலும் 50 முதல் 60 சென்ட் கூடுதல் உணவுக்குப் போவதைக் கண்டார்கள். அதே டாலர் ரொக்கமாக வந்தால் 10 சென்ட்கூட உணவுக்குப் போகவில்லை. பாடப்புத்தகப்படி இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது சிவப்பு அட்டைக்காரர் வீட்டுக்கு வாருங்கள். அரிசி மூட்டை வந்தால் அது நேராகச் சமையலறைக்குப் போகும். சோற்றுக்கு ஆகவில்லை என்றால் இட்லி மாவுக்கு ஆகும். அதை வைத்துத் தவணை கட்ட முடியாது, டாஸ்மாக்கோ சாராயக் கடையோ நேரடியாக வாங்கிக்கொள்ளாது. பணம் வந்தால்? கணக்கு யார் பெயரில் இருந்தாலும் ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குழுக் கடன் தவணை வெள்ளிக்கிழமை என்றால் வியாழக்கிழமை வந்த அரிசிப் பணம் எங்கே போகும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. தவணை கட்டுவது தவறும் அல்ல. ஆனால் அரிசி கேட்ட பெண் ஏமாளி அல்ல என்பதை இது காட்டுகிறது. கைக்கு எட்டாத இடத்தில் சோற்றை வைத்துக்கொள்ளத்தான் அவள் அரிசி கேட்கிறாள்.

விலை விஷயமும் இருக்கிறது. அரிசி விலை ஏறினாலும் இருபது கிலோ இருபது கிலோதான். அறுநூறு ரூபாய் அப்படி அல்ல. மெக்சிகோ கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில், பணம் கொடுத்த ஊர்களைவிடப் பொருள் கொடுத்த ஊர்களில் உள்ளூர்க் கடை விலை சுமார் 4 சதவீதம் குறைவாக இருந்தது. கடைகள் குறைவான ஒதுக்குப்புற ஊர்களில்தான் இதன் தாக்கம் அதிகம். ரேஷன் கடை என்பது விலை குறைந்த பொருள் கிடைக்கும் இடம் மட்டுமல்ல. மளிகைக் கடைக்காரருக்கு அது ஒரு போட்டியும் கூட. அதைப் பூட்டினால் ரேஷன் வாங்காதவரையும் அது தொடும்.

பக்கத்து ஊர் அரிசி

மனிதன் தனக்குக் கிடைப்பதைத் தனியாக வைத்து அளப்பதில்லை. ஏதாவது ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறான். இதை ஒப்பீட்டுப் புள்ளி என்கிறார்கள். பாகூர்க்காரருக்கு ஒப்பீடு இரண்டு. ஒன்று, நேற்று வரை தனக்கே வந்த அரிசி. இன்னொன்று, தமிழ்நாட்டுக்காரருக்கு இன்றும் வரும் அரிசி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். சாலைக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் அரிசி மூட்டை இறங்குகிறது. இந்தப் பக்கம் கடை பூட்டிக் கிடக்கிறது. வங்கியில் எத்தனை ரூபாய் ஏறினாலும் மனதில் பதிவது வரவு அல்ல, இழப்பு.

இன்னொரு செய்தி. இதே பகுதியை ஒட்டிய விழுப்புரம், அதோடு திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013-ல் அதை வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்திலும், அறுவடைக்குப் பின் காசுள்ள நேரத்திலும் அதே விவசாயிகளுக்கு மூளைக்கு வேலை தரும் சோதனைகள் கொடுத்தார்கள். காசில்லாத நேரத்தில் அதே ஆள் குறைவான மதிப்பெண் பெற்றார். கவலை மனதின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். பிறகு அமெரிக்காவில் சம்பள நாளை வைத்துச் செய்த ஆய்வு அப்படி ஒரு வித்தியாசத்தைக் காணவில்லை. எனவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று நிச்சயம். பாஸ்புக் பதிவு, ஆதார் இணைப்பு, கணக்கு எண் திருத்தம் என்று ஒவ்வொரு வேலையும் ஏழையின் நேரத்தையும் ஒரு நாள் கூலியையும் எடுத்துக்கொள்கிறது. அலைச்சலும் ஒரு விலைதான். விலைப்பட்டியலில் அது எழுதப்படுவதில்லை.

குப்பைக்கும் சோற்றுக்கும் முடிச்சு

2018 ஏப்ரல் 28 அன்று அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி முதலமைச்சருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். திறந்தவெளியில் மலம் கழிப்பதும் குப்பை, பிளாஸ்டிக் சிதறிக் கிடப்பதும் இல்லை என்று தொகுதி எம்.எல்.ஏ.வும் கொம்யூன் ஆணையரும் கூட்டாகச் சான்று கொடுத்தால்தான் அந்தக் கிராமத்துக்கு இலவச அரிசி. நான்கு வாரம் அவகாசம். ஜூன் 1 முதல் சான்று இல்லாத ஊருக்கு அரிசி நிறுத்தம் என்பது அதன் சாரம். எதிர்ப்பு கிளம்பியது. அதே நாளில் அவர் அதை நிறுத்தி வைத்தார்.

மக்களின் நடத்தையை மாற்ற அரசு எடுத்த முயற்சி என்ற வகையில் இதுவும் நடத்தைப் பொருளாதாரம்தானே என்று சிலர் கேட்கலாம். இல்லை. தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008-ல் எழுதிய நூலில் 'நட்ஜ்' என்று சொன்னது வேறு. யாருடைய வழியையும் அடைக்காமல், நல்ல வழியை எளிதாக்கி, தோளில் மெல்லத் தட்டிவிடுவது அது. சோற்றை நிறுத்துவது தட்டிவிடுவது அல்ல, பிடித்துத் தள்ளுவது. மேலும் கழிப்பறை கட்டி ஒழுங்காக இருக்கும் குடும்பத்துக்கும், யாரோ ஒருவர் ஏரிக்கரைக்குப் போனார் என்பதற்காக அரிசி போகாது. தெருவில் குப்பை அள்ளாதது யார் பொறுப்பு? பஞ்சாயத்தின் பொறுப்பு. தண்டனை யாருக்கு? அட்டைதாரருக்கு. தண்டிக்கப்படுபவரிடம் மாற்றும் சக்தி இல்லாதபோது அந்தத் தண்டனையால் எந்தப் பழக்கமும் மாறாது.

பூட்டும் திறப்பும்

அதற்குள் அரிசியா காசா என்ற சண்டை இரண்டு அலுவலகங்களின் சண்டையாகிவிட்டது. இலவச அரிசியை அரிசியாகவே தர வேண்டும் என்றது வி. நாராயணசாமியின் அமைச்சரவை. பணமாகத்தான் தர வேண்டும் என்றார் துணைநிலை ஆளுநர். 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் கருப்புச் சட்டை அணிந்து ராஜ் நிவாஸ் வாசலில் பல நாட்கள் தர்ணா இருந்தார். அவர் முன்வைத்த கோரிக்கைகளில் இலவச அரிசியும் ஒன்று. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டுப் பணம் போடப்பட்டது. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் பணமாகக் கொடுக்கும் முடிவில் தலையிடவில்லை.

சில வாரங்களில் கொரோனா வந்தது. கடைகளும் போக்குவரத்தும் நின்றபோது, மத்திய அரசே ஆளுக்கு 5 கிலோ அரிசியை அரிசியாகவே அனுப்ப வேண்டி வந்தது. ரேஷன் கடை ஊழியர்களோ சம்பளம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையைப் பூட்ட ஒரு நாள் போதும். மறுபடி நடத்த ஆளும் எடையும் கிடங்கும் வேண்டும்.

2024 அக்டோபரில் என். ரங்கசாமி அரசு ரேஷன் கடைகளை மீண்டும் திறந்தது. தீபாவளிக்கு 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் இலவசமாகத் தரப்பட்டன. அரிசி ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தது.

கேட்காமல் விட்ட கேள்வி

இத்தனை வருடத்தில் அட்டைதாரரிடம் "உனக்கு எது வேண்டும்?" என்று யாரும் முறைப்படி கேட்கவில்லை. 2015-ல் பணம் என்று முடிவானது. 2024-ல் அரிசி என்று முடிவானது. இரண்டு முறையும் கிராமத்துக்குச் செய்தி மட்டும் வந்தது.

ஆய்வு நடத்திய முரளிதரனும் மற்றவர்களும் சொன்ன யோசனை மிக எளிமையானது. இரண்டையும் வைத்திருங்கள், குடும்பமே தேர்ந்தெடுக்கட்டும். வங்கியும் சந்தையும் பக்கத்தில் இருக்கும் வில்லியனூர் குடும்பம் பணத்தை எடுத்துக்கொண்டு தனக்குப் பிடித்த பொன்னியை வாங்கட்டும். பாகூர்க் கோடியில் தனியாக இருக்கும் பாட்டி அரிசியை வாங்கிக்கொள்ளட்டும். எதுவும் சொல்லாதவருக்கு அரிசி என்பதே இயல்பு நிலையாக இருக்கட்டும். ஏனென்றால் வாய் திறக்காதவர்தான் பெரும்பாலும் வங்கிக்கு அலைய முடியாதவர். சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும். மாற்றிக்கொள்ள முடியும் என்று தெரிந்தால் ரேஷன் கடைக்காரரும் எடையைச் சரியாகப் போடுவார்; வங்கிக்காரரும் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுவார். நுகர்வோருக்குப் பெரிய பாதுகாப்பு விலகிப் போகும் உரிமைதான்.

இந்திய அரசுக்கு இந்தத் துறை தெரியாதது அல்ல. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையில் நடத்தைப் பொருளாதாரத்துக்கு ஒரு தனி அத்தியாயமே இருந்தது. 2019-ல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2023 நவம்பரில், இணையக் கடைகள் வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 வகைத் தந்திரங்களைத் தடுக்க வழிகாட்டுதல் வந்தது. கேட்காமலே கூடையில் ஒரு பொருளைச் சேர்ப்பதும், சேர்ந்தால் எளிது விலகினால் கடினம் என்று வைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. கம்பெனிக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது. கேட்காமலே அரிசியைப் பணமாக மாற்றுவதும், வராத பணத்தைப் பற்றிப் புகார் சொல்ல நான்கு இடத்துக்கு அலைய வைப்பதும் அதே வகைதான்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே மாவட்டக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இடம் இருக்கிறது. தானியம் தராவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி பெறும் உரிமையும் இருக்கிறது. அந்த அதிகாரி யார், எங்கே இருக்கிறார் என்று ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு டப்பா பெயிண்ட். பணம் ஏறிய அன்றே "அரிசிப் பணம் வந்துவிட்டது" என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எவ்வளவு ஆகும்? சில காசுகள். நடத்தைப் பொருளாதாரம் கேட்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன வேலைகளைத்தான்.

இருபது கிலோவும் அறுநூறு ரூபாயும் காகிதத்தில் ஒன்றுதான். அடுப்பு காகிதத்தில் எரிவதில்லை. எது தன் வீட்டுக்கு ஆகும் என்பது அடுப்பு பற்றவைப்பவருக்குத் தெரியும். அவரைக் கேட்டிருந்தால் இந்த ஒன்பது வருடச் சண்டையில் பாதி மிச்சமாகியிருக்கும்.